லைற் அடித்து வழிவிட்டவர்

1. விபத்தும் விளக்கமும்

பிரதீபன் எனக்குத் தொலைபேசி எடுத்தபோது அவருக்குப் பக்கத்தில் பொலிஸ் நின்றது.

"அக்கா, நான் ஒரு பிழையும் செய்யேல்லை. அந்த மனுசனுக்கு வழிதான் விட்டனான்."

சுவிற்சர்லாந்தில் ஒருவர் இப்படிச் சொன்னால் நிலைமை மோசம் என்று பொருள்.

வெளிநாடுகளிலிருந்து வேலைக்கு வருபவர்களை இங்கே குடியமர்த்தும் ஒரு சிறு நிறுவனத்தில் ஓய்வுபெறும் வரை இருந்தேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியர். வீடு, வங்கி, கார், குப்பைப் பை ஆகிய நான்கையும் அவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் உத்தியோகம். குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும் என்பதைச் சிலர் கடைசிவரை பகிடி என்றே நினைத்தார்கள்.

பிரதீபன் லண்டனில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பதை எட்டியவர். சோலோதுர்ன் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்து துன் நகரில் குடியேறியிருந்தார். மருத்துவமனைகளில் சிறுநீரக இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது தொழில். துன்னில் வீடு, மலை முழுக்க வேலை. தொலைவில் எங்கடின் பள்ளத்தாக்கில் ஓர் இயந்திரம் நின்றால் கருவிப் பெட்டியுடன் இவர் அங்கே நிற்க வேண்டும். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை.

அவருடைய சுபாவத்தை வங்கியில் வைத்தே கண்டிருந்தேன். கணக்குத் திறக்கப் போன அன்று, வரிசையில் பின்னால் வந்த எல்லோரையும் "ப்ளீஸ், ஆஃப்டர் யூ" என்று முன்னால் விட்டார். கடைசியில் நாங்கள் கவுண்டரை அடைந்தபோது, முகவரிக்குச் சான்றாக லண்டன் வீட்டின் காஸ் பில்லை எடுத்துப் பெருமையோடு நீட்டினார். பிரித்தானியர்களுக்குக் காஸ் பில் என்பது பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த ஆவணம்.

வங்கிப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த வீட்டில காஸ் இருக்குது எண்டு விளங்குது. நீங்கள் இப்ப எங்க இருக்கிறீங்கள்?"

நகரசபையில் பதிந்த தாளையும் வதிவிட அட்டையையும் என் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். கணக்குத் திறந்தது. இந்தத் தொழிலில் இருப்பவரின் கைப்பை வாடிக்கையாளரின் மூளையை விடக் கனமாக இருக்க வேண்டும்.

இனி விபத்து. பிரதீபன் முன்னுரிமை வீதியில் வந்துகொண்டிருந்தார். பக்க ஒழுங்கையில் ஒரு வயோதிபர் காரில் காத்து நின்றார். பிரதீபன் இரக்கப்பட்டுக் காரை நிறுத்தி, லைற்றை அடித்தார். லண்டனில் அதற்கு "நீங்கள் முதலில் போங்கள்" என்று பொருள். வயோதிபரோ அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிரதீபன் இன்னொரு தரம் அடித்தார். யாருக்கோ நெஞ்சுவலி போலும் என்று எண்ணிய வயோதிபர் காரை மெதுவாக வீதிக்கு எடுத்தார். இந்த மனுசன் வரப்போவதில்லை என்று முடிவெடுத்த பிரதீபனும் அதே கணத்தில் புறப்பட்டார். இருவரும் ஒருவரையொருவர் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டதில் இரண்டு பம்பர்கள் நொறுங்கின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

"ஏன் நிறுத்தினீங்கள்?" என்று பொலிஸ்காரர் கேட்டாராம்.

"நல்ல மனத்தோட."

எழுதுவதற்கு முன் பொலிஸ்காரர் அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினாராம்.

2. ஒரே ஒரு தரம்

சாதாரணமாகப் பிரித்தானிய லைசென்ஸை மாற்றுவது சுலபம். குடியேறி ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை, படம், அட்டை. ஓட்டிக் காட்டத் தேவையில்லை. பிரதீபனின் விண்ணப்பம் வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில் நல்ல பிள்ளையாகக் கிடந்தது. அதன்மேல் பொலிஸ் அறிக்கை போய் உட்கார்ந்தது. காரணமில்லாமல் நிற்பவரும், நின்றபின் காரணமில்லாமல் புறப்படுபவரும் ஒருவரே என்றால், அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று அலுவலகத்துக்குச் சந்தேகம் வருவது நியாயம். கொண்ட்ரோல்ஃபார்ட்டுக்கு, அதாவது பரிசோதகரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டும் சோதனைக்கு, வரச்சொன்னார்கள்.

"பெயிலானா திரும்ப எடுக்கலாம்தானே அக்கா?"

"ஏலாது. ஒரே ஒரு தரம்."

"பேந்து?"

"லண்டன் லைசென்ஸ் இங்க செல்லாது. முதலுதவி வகுப்பு, எழுத்துச் சோதனை எண்டு முதல்ல இருந்து தொடங்கோணும். காருக்குப் பின்னால பழகுநரின்ர நீல எல் அட்டையை ஒட்டிக்கொண்டு, மனிசியைப் பக்கத்தில இருத்தி ஓடலாம்."

"நான் இன்னும் புறோபட்சைற்றில நிக்கிறன் அக்கா. ஓட ஏலாதெண்டால் ஒரு கிழமைக் கெடுவில வீட்ட அனுப்பிப்போடுவாங்கள்."

தகுதிகாண் காலத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அவர் சொன்னது சரி. என் முதலாளியும் தன் பங்குக்கு அக்கறை காட்டினார்: "அவரின்ர கொம்பனி எங்களுக்கு இன்னும் ஆட்களை அனுப்பப்போகுது. எப்படியாவது பாருங்கோ." எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. முதலாளிகள் அதற்காகத்தான் ஆள் வைக்கிறார்கள்.

3. மரியாதையை விடவைத்தல்

சனிக்கிழமைகளில் நான் பக்கத்தில் இருக்க, அவர் துன்னைச் சுற்றி ஓட்டினார். நன்றாகத்தான் ஓட்டினார். வலப்பக்கம் ஓடுவது, கியர், வேகம், கண்ணாடி எதிலும் குறையில்லை. ஆனால் லைற்றால் ஊரோடு கதைத்துக்கொண்டிருந்தார். வழிவிட்டால் ஒரு அடி, வழிவிட்டவருக்கு நன்றியாக ஒரு அடி, அந்த நன்றியை ஏற்றுக்கொண்டதாக இன்னொரு அடி.

"பிரதீபன், யாழ்ப்பாணத்தில லைற் அடிச்சா என்ன அர்த்தம் தெரியுமோ?"

"அப்பா சொல்லுறவர். 'நான் வாறன், விலகு.'"

"லண்டனில?"

"'நீங்கள் வாங்கோ.'"

"இங்க?"

யோசித்தார். "'கவனம்' எண்டோ?"

"பிரச்சினை எண்டு அர்த்தம். என்ன பிரச்சினை எண்டு ஆட்கள் பார்க்க வருவினம். உம்மட கிழவன் வந்தது போல."

"அப்ப வழிவிடுறதெண்டால் எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லவே தேவையில்லை. சந்தியில வலப்பக்கத்தால வாறவருக்கு முன்னுரிமை. அவர் போவார். நீர் வலப்பக்கத்தால வந்தால் நீர் போறீர். இதில உமக்கென்ன கதை?"

"அது கொஞ்சம் மரியாதை இல்லாத மாதிரிக் கிடக்கு, அக்கா."

"உம்மை மரியாதைக்கே வேலைக்கு எடுத்தவங்கள்?"

பாதசாரிக் கடவைகள் இன்னும் மோசம். ஊர்ந்து ஊர்ந்து வந்து, கையைக் காட்டி "வாங்கோ, வாங்கோ" என்பார். இங்கே பாலர் பள்ளியிலேயே பொலிஸ் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, காரின் சில்லு நின்ற பிறகே கால் வைக்க வேண்டும் என்று. ஆகவே பிள்ளைகள் அவரின் கையைப் பார்க்கவில்லை, சில்லைப் பார்த்தார்கள். சில்லு உருண்டுகொண்டிருந்தது. கை ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் கடக்கவில்லை. பின்னால் கார்கள் சேர்ந்தன.

"கையை ஸ்ரியரிங்கில வையும். முழுசா நிற்பாட்டும். பேந்து கல்லு மாதிரி இரும்."

"சிரிக்கலாமோ?"

"சோதனையில வேண்டாம்."

4. பின் சீற்றிலிருந்து

வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில் என்னைப் பின் சீற்றில் இருக்க விட்டார்கள். என் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான மணித்தியாலம் அதுதான். பரிசோதகர் ஒல்லியான மனிதர். ஆங்கிலத்தில் இடம், வலம், நேரே என்ற மூன்று சொற்களைத் தவிர அவரிடம் வேறெதுவும் செலவாகவில்லை.

முப்பது கிலோமீற்றர் வேக வலயத்துக்குள் ஒரு சந்தி. இடப்பக்கம் ஒரு பெண் காரில் வந்து நின்றார், பின்னால் இரண்டு பிள்ளைகள். முன்னுரிமை எங்களுக்கு. பிரதீபனின் இடக்கை விரல் லைற் தண்டை நோக்கி நகர்வதைக் கண்டேன். கால் பிரேக்கைத் தொட்டது. கார் தயங்கியது. பரிசோதகரின் பேனை மேலே எழும்பியது.

கால் விலகியது. கார் சந்தியைக் கடந்தது. பேனை எதையும் எழுதாமல் இறங்கியது.

அடுத்தது பாதசாரிக் கடவை. பாலர் பள்ளிப் பிள்ளைகள் வீதியில் அணியும் செம்மஞ்சள் பட்டி போட்ட ஒரு சிறுமி கரையில் நின்றாள். பிரதீபன் காரை முழுதாக நிறுத்தினார். சிறுமி முன்சில்லை உற்றுப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அவருடைய வலக்கை உயர்ந்தது. உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நெற்றியைச் சொறிந்தார். தேவைக்கு அதிகமாகவே சொறிந்தார். சிறுமி கடந்து போனாள்.

"நுளம்போ?" என்றார் பரிசோதகர். நான்காவது சொல்.

"யேஸ்," என்றார் பிரதீபன்.

அலுவலக முற்றத்தில் கார் நின்றதும் பரிசோதகர் என் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னார்: "பொலிஸ் அறிக்கை வேற ஆளைப் பற்றினது போல கிடக்கு. இவர் ஒருத்தருக்கும் ஒரு சலுகையும் குடுக்கேல்லை. மிக நல்லது. பாஸ்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். புதிதாக வருபவரின் கெட்ட பழக்கங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதற்குத் தண்டப்பணம் இருக்கிறது, அது திருத்திவிடும். ஒருவரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பக்கூடியவை அவரின் நல்ல பழக்கங்கள். அவற்றை முதல் கிழமையே கண்டுபிடியுங்கள்.

அன்று திரும்பும் வழியில் ஏரிக்கரைச் சந்தியில் எங்களுக்கு முன்னுரிமை வந்தது. பிரதீபன் எடுத்தார். காத்து நின்ற காரில் இருந்தவர் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நன்றி இல்லை, மன்னிப்பு இல்லை, கையசைப்பு இல்லை. வேலையைக் காப்பாற்றிக்கொண்ட மனிதரின் முகம் செத்தவீட்டுக்குப் போய்வந்தது போல் இருந்தது.

"இனி இப்பிடியேதான் ஓடோணுமோ, அக்கா?"

"ஓம்," என்றேன். "பென்ஷன் வரைக்கும்."