என் உபவாசத்துக்கு ஒரு மாத்தாள்

சபையாருக்கு ஸ்தோத்திரம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, சண்டை போட்டுத்தான் பழக்கம். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். போன அக்டோபரில் ஆஸ்பத்திரிக்கு வந்த உங்களில் சிலர், என் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு, வாசலில் என் மகன் சாமுவேலிடம், "இடுப்பு ஒடிஞ்ச வயசாளி எந்திரிக்கிறது கஷ்டந்தேன், மனசத் தேத்திக்கப்பு" என்று சொன்னீர்கள். எனக்கு இடுப்புதான் ஒடிந்தது. காது நன்றாகவே கேட்டது.

எனக்கு எழுபத்தொரு வயது. போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் முப்பது வருஷமாகப் பொறுக்குகிறேன். மலையிலிருந்து வரும் காயைத் தரையில் கொட்டி, வெடித்ததையும் கறுத்ததையும் தனியே எடுக்கும் சோலி. அன்று செவ்வாய்க்கிழமை. தண்ணீர் குடிக்க எழுந்தேன். சிதறிக் கிடந்த காய் காலுக்கடியில் உருண்டது. சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் விழுந்தேன். வலது காலை அசைக்கவே முடியவில்லை.

என் அம்மாவும் இப்படித்தான் விழுந்தார். ஆபரேஷன் எல்லாம் எட்டாத காலம். மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிப் போய்ச் சேர்ந்தார். தரையில் கிடந்தபோது எனக்கு அம்மாவின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

சாமுவேல் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவன். அந்த ஜீப்பிலேயே என்னைத் தேனிக்குக் கொண்டு போனார்கள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் பேச்சியம்மாள். சிலமலைக்காரி, எனக்குப் பத்து வயது இளையவள். பதினெட்டு வருஷமாகக் குடோனில் என் பக்கத்தில் உட்காருகிறவள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வழியெல்லாம் நான் வாய்விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் என் காலால நடந்து குடோன் படி ஏறுற வரைக்கும் பகல்ல ஒரு பருக்கை தொடமாட்டேன். என்னை எங்கம்மா மாதிரி கிடக்க விட்டுராதீங்க" என்று பொருத்தனை செய்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை ஒரு வாரம்கூட விட்டதில்லை என்ற பெருமை வேறு எனக்கு. இதில் மட்டும் தோற்பேனா?

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். "நல்லா வந்திருக்கு. நாளைக்கே எந்திரிச்சு நிக்கணும்" என்றார். மறுநாள் வாக்கர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண் இருட்டியது. கட்டிலில் சாய்ந்துவிட்டேன். அதற்கடுத்த நாளும் அதே கதை.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். காலையிலும் மதியமும் சாப்பாடு வரும். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கவரில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த பைக்குள் ஒளித்துவிடுவேன். கேட்டால், சாப்பிட்டேன் என்று பொய் சொல்வேன். சாயங்காலம் நாலு வாய் கஞ்சி மட்டும் குடிப்பேன், அதுவும் இறங்காது. ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் சாமுவேலை, செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் பயந்து அழுதுவிட்டான். டாக்டரம்மா அவனிடம், "எலும்புல ஒரு குறையும் இல்ல. ஆனா உடம்புல தெம்பே இல்ல. இப்படியே படுத்திருந்தா சளி கட்டிடும், அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொன்னாராம். நானோ, ஆண்டவர் ஏன் கேட்கவில்லை என்று அவர்மேல் கோபித்துக்கொண்டு கிடந்தேன்.

அன்று மதியம் பேச்சி பஸ் ஏறி வந்தாள். வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னமோ புளிச்ச வாடை அடிக்குதே" என்று குனிந்து பையை இழுத்தாள். பல வேளை இட்லியும் சோறும் ஊசிப்போய் அப்படியே இருந்தன. ஜீப்பில் நான் ஜெபித்ததைக் கேட்டவள் அல்லவா, அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யக்கா, நீங்க உங்க சாமிகிட்ட என்ன கேட்டீக? நடக்கணும்னு கேட்டீக. அவரு டாக்டரம்மாவ அனுப்பிச்சாரு, கம்பிய வச்சாரு, இட்லியவும் அனுப்பிச்சாரு. நீங்க அதக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிட்டு, சாமி கேக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருக்கீக!"

எனக்குச் சுருக்கென்றது. "பொருத்தனைய மீறச் சொல்றியா?" என்று சீறினேன்.

"மீற வேணாம். எங்கிட்ட குடுங்க."

எங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் இடத்தில் வேறொருத்தி மாத்தாளாக உட்காருவாள். வேலை நிற்காது, அவள் இடமும் போகாது. பேச்சி அதைத்தான் சொன்னாள். "குடோன்ல மாத்தாள் உக்காந்தா மொதலாளி ஏத்துக்கிறாருல்ல? உங்க சாமி அவர விட மோசமா? நீங்க படி ஏறுற வரைக்கும் பகல்ல நான் பட்டினி கிடக்கேன். நீங்க சாப்பிடுங்க."

சொல்லிவிட்டுத் தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். அவளுக்கென்று கொண்டுவந்த சோறும் ரெண்டு அவித்த முட்டையும் இருந்தன. அவளே பிசைந்து ஊட்டினாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவள் அன்று சாப்பிடவில்லை.

சபையாரே, நமக்காக ஒருவர் மாத்தாளாக நின்றார் என்றுதான் வாராவாரம் பாடுகிறோம். நானும் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு அந்தக் கட்டிலில்தான் விளங்கியது. மாரியம்மனைக் கும்பிடுகிறவளின் விரதம் நம் ஆண்டவர் கணக்கில் வருமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். என் காலைப் பாருங்கள், போதும்.

டாக்டரம்மாவிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். நன்றாகத் திட்டினார். சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் நாள் எழுந்து நின்றேன். அதற்கடுத்த நாள் ஜன்னல் வரை போனேன். வீட்டுக்கு வந்த பிறகும் வலியோடு தினமும் நடந்தேன். சோம்பலாக இருக்கும்போதெல்லாம், அங்கே ஒருத்தி எனக்காகப் பசியோடு காய் பொறுக்குகிறாள் என்று நினைப்பேன். உடனே எழுந்துவிடுவேன்.

டிசம்பரில் ஒரு மதியம், சாமுவேல் பின்னால் வர, கைத்தடி ஊன்றி குடோனின் மூன்று படியையும் ஏறினேன். பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பேச்சி என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்திரிடி, என் இடம்" என்றேன். பிறகு தூக்குச்சட்டியை நீட்டினேன். சோறும் ரெண்டு அவித்த முட்டையும் வைத்திருந்தேன். இந்தத் தடவை நான் ஊட்டினேன்.

இப்போது தரையில் உட்கார முடியாது. நாற்காலி போட்டுப் பொறுக்குகிறேன். பேச்சி பக்கத்திலேயே இருக்கிறாள், என்னைக் கேலி பண்ணிக்கொண்டு. விழுந்து கிடக்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டால், உங்களுக்குச் சொல்கிறேன். ஜெபியுங்கள், அவர் கட்டாயம் கேட்பார். ஆனால் ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்து பாருங்கள். எதிரே யாராவது தட்டோடு நின்றால், வாயையும் திறங்கள்.