கேமராவைக் கண்டால் கத்தும் பெட்டி

காருக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் காடிக்கு, வேண்டிய சாமான்களை விற்கும் கடையில் மற்ற எல்லாப் பொருளையும் நாம் விற்போம். ரேடார் பெட்டியை மட்டும் வாடிக்கையாளர் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவார்.

ஈப்போவில் ஒரு சீன முதலாளியின் கடையில் முன்மேசையில் நிற்கிறேன்; அவரைத் தவுக்கே என்போம். பெயர் சரோஜா. வருகிறவர்களுக்கு அக்கா. உங்களில் யாராவது இப்படி ஒரு கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவராக இருந்தால், நான் சொல்லப்போவதற்குத் தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்தப் பெட்டியில் இரண்டு வகை. ஒன்று, வேகத்தை அளக்கும் கருவியிலிருந்து வரும் அலையை மோப்பம் பிடித்துக் கத்தும். இன்னொன்று, கேமரா நிற்கும் இடங்களை வரைபடத்தில் வைத்துக்கொண்டு, நெருங்கும்போது பெண் குரலில் எச்சரிக்கும். சமான், அதாவது அபராதச் சீட்டு, வராமல் தப்பிக்க எது நல்லது என்று கேட்டுத்தான் எல்லாரும் வருவார்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களால் எனக்கு வந்த அதிர்ச்சிகளில் சில இவை.

நிறைய கேள்வி கேட்டவர்

முடி ஒட்ட வெட்டிய ஒருவர் வந்தார். மரியாதையான பேச்சு. மோப்பம் பிடிக்கும் வகை எவ்வளவு தூரத்தில் கத்தும், வரைபட வகை புது கேமராவை எப்படித் தெரிந்துகொள்ளும், மழையில் வேலை செய்யுமா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாரே என்று எனக்கும் உற்சாகம். "போலீஸ் புதர்ல ஒளிஞ்சு நின்னாலும் நீங்க தப்பிச்சிடலாம் அண்ணே" என்று ஒரு போடு போட்டேன். சிரித்தார். வரைபட வகையைத் தேர்ந்தெடுத்து, காடியில் பொருத்தித் தரச் சொன்னார்.

எங்கள் மெக்கானிக் காடியின் பின்கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கொக்கியில் போக்குவரத்துப் போலீஸ் சட்டை, கஞ்சி போட்டு விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புதர் என்று சொன்னேனே! உள்ளே ஓடித் தவுக்கேயைக் கூப்பிடலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று தவித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது தனக்கு இல்லை, மனைவிக்கு என்றார். மனைவிக்குச் சமான் மேல் சமான் வருகிறதாம். "சார், நீங்களே அவங்ககிட்ட சொல்லிடலாமே?" என்று கேட்டேன்.

"நான் எங்க நிக்கிறேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னா என் வேலை போயிரும்லா. அதான், பொட்டி சொல்லட்டும்."

கோயில் முனை

லோகா அண்ணன் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். முன்னே ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனைத் தோப்பு, பாதி வீடமைப்பு என்று மாறிப்போன இடத்தில் குடியிருக்கிறார். அவருக்கு மோப்பம் பிடிக்கும் வகையை விற்றிருந்தோம். ஒருநாள் அதைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியின் நெற்றியில் மஞ்சள், குங்குமம். வயரில் ஒரு எலுமிச்சம்பழம் வேறு.

தோட்டத்து முனையில் இருக்கும் அம்மன் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் பெட்டி தவறாமல் கத்துகிறதாம். அங்கே கேமராவும் இல்லை, போலீசும் இல்லை. "அம்மா கூப்பிடுறா" என்று அவர் மனைவி முடிவு கட்டிவிட்டாராம். இவருக்கும் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். பெட்டி கெட்டுப்போயிருந்தால் மாற்றிக்கொடுங்கள் என்று வந்திருக்கிறார். தவுக்கே தன் காடியில் பெட்டியை மாட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். கோயிலுக்கு எதிரே புதிதாக ஒரு பெட்ரோல் நிலையம். அதன் கடைக்கு ஆள் வந்தால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. அந்தக் கதவிலிருந்து வரும் அலையும் ஏறக்குறைய இதே ரகம். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

திரும்பி வந்து லோகா அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. பிறகு மெதுவாக, போன வாரம் நடந்ததைச் சொன்னார். நல்ல மழை. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கோயில் முனையில் பெட்டி கத்தியது, இவர் வேகத்தைக் குறைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வளைவைத் தாண்டினால் நடு ரோட்டில் மாட்டுக்கூட்டம் படுத்திருக்கிறது. பின்சீட்டில் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தைச் சரிசெய்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"கடைக் கதவோ அம்மனோ, மாடு படுத்திருந்தது நெசந்தானே அக்கா? மாத்த வேணாம், இதுவே இருக்கட்டும்."

வெள்ளை வேன்

மத்தியானம், மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளை வேன் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்தோணி என்று பிறகு தெரிந்தது. இறங்கியதும், "எது வேணும்னாலும் குடுங்க அக்கா, சீக்கிரம் ஒட்டிக் குடுங்க, பாகான் டத்தோ போகணும்" என்றார். மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். ஒட்டுவது பெரிய வித்தை இல்லை என்று நானே ஏறி உட்கார்ந்து, முன்கண்ணாடியைத் துடைத்தேன். வேனுக்குள் எலும்பு வரை குளிர். ஊதுபத்தி வாசனை. "என்னண்ணே லோட்டு, மீனா?" என்று கேட்டபடியே திரும்பிப் பார்த்தேன்.

சவப்பெட்டி. மேலே ரோஜா மாலை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வயர் என் கையோடு வந்துவிட்டது. தைப்பிங்கில் இருந்து ஒரு பெரியவரின் உடலை அவர் வீட்டுக்கு எடுத்துப்போகிறாராம். இருட்டுவதற்குள் காரியம் முடியவேண்டும் என்று சொந்தக்காரர்கள் விடாமல் போன் அடிக்கிறார்கள். வேகமாகப் போனால் சமான், மெதுவாகப் போனால் ஏச்சு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. "இந்தா, சிம்பாங் பூலாய் தாண்டிட்டேம்மா" என்று, இன்னும் ஈப்போவைத் தாண்டாமல் என் கண்ணெதிரிலேயே நின்றுகொண்டு புளுகினார். நான் பின்னால் பார்க்காமல் மீதி வேலையை முடித்தேன். "மழை ரோடு, மெதுவா போங்கண்ணே" என்றேன். அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"அவரு என்னைய அவசரப்படுத்தவே இல்லக்கா. உயிரோட இருக்கிறவங்கதான் கொல்றாங்க."

பின்னால் வந்தவர்

சரவணன் தினமும் நெடுஞ்சாலையில் தைப்பிங் வரை போய்வரும் பிள்ளை. ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று, எல்லாப் பெட்டியையும் கத்தவிட்டுக் கேட்டு, அதிகச் சத்தமுள்ள மோப்பப் பெட்டியாகப் பார்த்து வாங்கிப்போனான். அதன்பிறகு கடைப்பக்கம் வரும்போதெல்லாம், "சமானே இல்லக்கா, சூப்பர்" என்று கட்டை விரலைக் காட்டுவான்.

ஒருநாள் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். வயர் பாதியில் அறுந்து தொங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, இது கத்துச்சு. நான் பிரேக்க மிதிச்சிட்டேன்" என்றான். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதை ஓட்டி வந்தவர் காடியின் பின்பக்கம் மோதி, கூரைக்கு மேலே பறந்து, முன்னால் விழுந்திருக்கிறார். "ஹெல்மெட் மட்டும் உருண்டுச்சு அக்கா. அதுக்குள்ள தலை இருக்கான்னு பாக்க எனக்குத் தைரியம் வரல." நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் அவன் உட்காரவில்லை, நான்தான் உட்கார்ந்தேன். நல்ல வேளை, வார் அறுந்துதான் ஹெல்மெட் தனியாக உருண்டிருக்கிறது, தலை தப்பித்திருக்கிறது. கால் மட்டும் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "கேமராவுக்காகவா பிரேக் போட்டே?" என்று கேட்டேன். "அங்க கேமராவே இல்லக்கா. பக்கத்துல போன புதுக் காடியில பக்கவாட்டு சென்சார் இருக்குல்ல, அதுக்குக் கத்தியிருக்கு" என்று சொல்லி அழுதான்.

சில மாதங்கள் கழித்து கடைக் கதவைச் சரவணன் பிடித்துக்கொண்டு நிற்க, ஊன்றுகோலோடு ஒருவர் உள்ளே வந்தார். முனியாண்டி. காவலாளி வேலை முடிந்து வீடு திரும்பும்போது விழுந்தவர். சரவணன்தான் வாரா வாரம் அவரை வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறானாம். திட்டப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். "அந்தப் பொட்டி எதுன்னு காட்டும்மா, பாக்கணும்" என்றார். மாதிரிக்கு வைத்திருந்த பெட்டியை எடுத்துச் சுவிட்சைப் போட்டேன். எதையோ கண்டு வீரிட்டுக் கத்தியது. சரவணன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"முன்னாடி இல்லாத கேமராவுக்கு இந்தக் கத்து கத்துதே, பின்னாடி வந்த எனக்கும் ஒரு சத்தம் போட்டிருந்தா நான் ஒதுங்கியிருப்பேன்லா."

சும்மா கத்துகிற பெட்டி

மேரி அக்கா அவசரச் சிகிச்சைப் பிரிவில் தாதி. வேலை உடையிலேயே வந்தார். "சும்மாவே கத்துற பெட்டி இருக்கா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் கணவர் கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் ரோட்டில் காய்கறி லோரியை ஓட்டி இறங்குகிறவர். மனைவி சொன்னால் குறைக்கமாட்டார், மழைக்குக் குறைக்கமாட்டார், பெட்டி கத்தினால் மட்டும் குறைப்பார். வரைபட வகையில் நமக்கு வேண்டிய இடத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவர் என் பக்கத்தில் நின்று, திரையில் மலை ரோட்டைத் தொட்டுத் தொட்டு வளைவுகளைக் காட்டினார். "இங்க கல்லூரிப் பிள்ளைங்க. இங்க ஒரு அப்பாவும் மகளும். இந்த வளைவுல வந்தவரு வார்டுக்கு வரவே இல்ல." அவர் காட்டக் காட்ட நான் ஒவ்வொன்றாக அழுத்திச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். கணவரிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் அந்தக் கணவரே வந்துவிட்டார். நல்ல ஆகிருதி, நல்ல குரல். குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்து மேசைக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்துகொண்டேன். அவர் வந்தது புகார் சொல்ல. ஆனால் பெட்டியைப் பற்றி இல்லை.

"மலை ரோடு பூரா கேமரா வச்சிட்டானுங்க அக்கா! மனுசனை நிம்மதியா சாகக்கூட விடமாட்டேங்கிறானுங்க!"

இத்தனை பேருக்கு இத்தனை பெட்டி விற்ற நான் இன்றைக்கும் வீட்டுக்குப் போவது பஸ்ஸில்தான், அதுவும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவர் முன்கண்ணாடியில் இப்படி ஒரு பெட்டி ஏதாவது மின்னுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.