என்ன பண்ணப் போறேள்?

எங்கள் செம்பூர் ஆலையில் அட்டையில் துளையிட்டுக் கணக்குப் போடும் இயந்திரம் வாங்கியபோது, அதை நடத்த மாதுங்காவிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர். யார் எந்தக் கணக்குக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, "இத வச்சு என்ன பண்ணப் போறேள்?" என்பார்.

ஒருநாள் மேனேஜரே வந்து, எல்லா விற்பனையும் தினமும் அச்சாக வேண்டும் என்றார். அவரிடமும் அதே கேள்வி.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்யா."

"அப்போ வேண்டாம் சார். கிடங்குல எது தீரப்போறதுன்னு முதல்ல போடறேன். சரக்கு இல்லாம ஆலை நின்னா, நஷ்டம் நமக்குத்தானே?"

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். மேனேஜரோ சிரித்துவிட்டு, அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

அவர் சம்பளத்தைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டதில்லை. அந்த டீயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இத்தனை வருடமாக எதற்கும் "சரி சார்" என்றே சொல்லிவந்த நான், அன்றும் கதவோரம் நின்றுகொண்டுதான் இருந்தேன்.