சில்லுச் சப்பாத்துச் சவிரியும் என் கிட்டங்கித் தரையும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மன்னார் உப்புக்குளத்தில் நான் கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தாழ்வுபாட்டிலிருந்து யாக்கோபு சைக்கிளில் வந்து இறங்கி, நீளமான மெழுகுதிரி ஒரு கட்டும் கறுப்புத் துணி நாலு முழமும் கேட்டார். சாமானை எடுத்து வைத்த பிறகுதான் ஆருக்கு என்று கேட்டேன். "அத்தானுக்கு" என்றார். யாக்கோபுவின் அக்கா திரேசாவைக் கட்டியவர் சவிரிமுத்து. ஆறு நாள் காய்ச்சலில் கிடந்து அன்று விடியற்காலையில் போய்விட்டார். நான் துணியை இன்னொரு முறை அளந்தேன். முதல் அளந்ததே சரியாகத்தான் இருந்தது.

அவரை அறிந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். ஆனால் அறிந்ததெல்லாம் கருவாடு போட்டு அடுக்கிவைக்கிற என் கிட்டங்கியில் காலை இழுத்து இழுத்து நடந்த மனிதரைத்தான். "சில்லுச் சப்பாத்து" என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்று இளம் ஆட்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் என் பிழையும் இருக்கிறது.

கொழும்பில் ஒரு சறுக்கு மண்டபம் இருந்தது. பலகைத் தரை, மெழுகு பூசியது. அடியில் நாலு சில்லு, அதாவது சின்னச் சக்கரம், வைத்த சப்பாத்தைக் கட்டிக்கொண்டு துரைமாரும் துரைசாணிமாரும் பாண்டு வாத்தியத்துக்கு வட்டம் வட்டமாகச் சறுக்குவார்கள். சவிரி அங்கே பத்து வருடம் வேலை செய்தார். வேலை என்னவென்றால், வருகிறவர்களின் காலடியில் முழந்தாளிட்டு அந்தச் சப்பாத்தின் வாரை இழுத்துக் கட்டுவது. காலையில் மண்டபம் திறக்கமுன் தரை கூட்டவேண்டும். கூட்டுமாறும் கையுமாகப் பழைய சோடி ஒன்றைப் போட்டுக்கொண்டு கூட்டுவார். அப்படித்தான் பழகினார். துள்ளுவதற்கு மட்டும் அனுமதி இல்லை. பலகை பழுதாகிவிடும் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார்.

மண்டபம் கைமாறியபோது பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். சவிரி அந்தப் பழைய சோடியோடு ஊருக்கு வந்தார். சோளகக் காற்று தொடங்கி நம்முடைய பக்கக் கடல் குழம்பியிருந்த காலம். மீன் இல்லை, என் கிட்டங்கி சும்மா கிடந்தது. "தரை மட்டும் போதும், நானா" என்று ஒரு தமையனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் இலுப்பைக்கடவை வரைக்கும் தலையில் கருவாடு சுமந்து விற்று முன்னுக்கு வந்தவன். எதற்கு என்று தெரியாமல் எதையும் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. செய்து காட்டச் சொன்னேன். தரையில் சுண்ணாம்புத் தூளைத் தூவச் சொல்லிவிட்டு, ஒற்றைக் காலில் எட்டு வடிவமாக ஒரு சுற்றுப் போனார். பிறகு அதே தடத்தில் மூன்று முறை. நான் குனிந்து பார்த்தேன். நாலு முறை போன இடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது.

"இதில என்ன லாபம், சவிரி?" என்று கேட்டேன்.

"லாபம் ஒண்டுமில்லை, நானா. கோடு பிசகேல்லை, அவ்வளவுதான்" என்றார்.

தரையைக் கொடுத்தேன். பெரிய மனது என்று நினைக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பார்க்க வருவார்கள், பக்கத்தில் என் தேநீர்க் கடை ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஆட்கள் வரத்தான் செய்தார்கள். திரேசா கவிழ்த்த பீப்பாயில் தாளம் தட்டுவாள். அவர் முன்னுக்கும் பின்னுக்கும் போய், வளைந்து, ஒரு காலைத் தூக்கிப் பறவை மாதிரி மிதந்து வருவார். சனம் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசும். நடுவில் ஒரேயொரு சின்னத் துள்ளல் வைத்திருந்தார், அரைச் சுற்றுத் திரும்பி இறங்குவது. அதற்கு மட்டும் சீழ்க்கை பறக்கும். "இன்னொருக்காத் துள்ளு, சவிரி, கருவாட்டுக் கடனெல்லாம் தீரும்" என்று ஒருவர் கத்துவார். நான் சனத்தின் முகத்தைத்தான் பார்த்தேன். எந்தச் சரக்கு விலைபோகும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் கொழும்பு மண்டபத்திலிருந்து சவிரிக்குக் கடிதம் வந்தது. மண்டபத்தின் புது முதலாளி ஒரு போட்டி வைக்கிறார். பாட்டுக்கு மூன்று நிமிடம் தனியே சறுக்கவேண்டும். புள்ளியில் பாதி கோட்டுக்கும் அழகுக்கும், பாதி துள்ளலுக்கு. வெல்கிறவருக்கு அந்த மண்டபத்திலேயே சறுக்கப் பழக்குகிற உத்தியோகம். சவிரி கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவ்வளவு சந்தோசமாக நான் அவரை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. "பத்து வருசம் மனுசரின்ர காலைத்தான் பாத்தனான், நானா. இனி ஒருக்கா முகத்தைப் பாத்து வேலை செய்யவேணும்" என்றார்.

துள்ளல் மூன்று வேண்டும், மூன்றும் முழுச் சுற்று வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று போதும், மற்றதெல்லாம் வழுக்கிப் போகிற அழகில் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு நாள் வாய்த்தர்க்கம். அழகுக்குப் புள்ளி போடுவது ஆளின் மனது, துள்ளலுக்குப் புள்ளி போடுவது கண் என்று நான் வாதாடினேன். துரைமாரின் மனது நம்மூர்க் கரையோர ஆளைப் பார்த்து எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டேன். அவர் சப்பாத்துச் சில்லை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "துள்ளி இறங்கின பிறகும் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், நானா. நானும் நிக்காமப் போகவேணும். அதுதான் கஷ்டம்" என்றார். ஆனாலும் மூன்று துள்ளல் பழகத் தொடங்கினார். என் சொல்லுக்காகப் பழகினார்.

கிட்டங்கியின் வாசல் பக்கமிருந்து ஓடிவந்து, கழிவுத்தண்ணீர்க் கான் இருக்கிற பக்கமாக எழும்பித் துள்ளுவார். ஒரு மாதத்தில் முழுச் சுற்றும் வந்துவிட்டது. இறங்குகிறபோது சில்லுச் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்கும். ஒரு நாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "போகேக்க கால் பஞ்சு மாதிரி, நானா. திரும்பி வரேக்க பாரமாக் கிடக்கு. ஏன் எண்டு விளங்கேல்லை" என்றார். களைப்பாக இருக்கும், முட்டை குடியும் என்று சொல்லிவிட்டு நான் கடைக்குப் போனேன்.

கொழும்புக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். திரேசா பிள்ளைப்பேற்றுக்கு இருந்தாள், ரயில் கோச்சியில் ஏற்றமுடியாது. போட்டியன்று காலையில்தான் போய் இறங்கினோம். தரையில் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கவும் விடவில்லை. நம்மைப் போன்றவர்கள் உட்காரக் கடைசி வாங்கு. சவிரிக்கு முன்பாக ஒரு பறங்கிப் பொடியன் சறுக்கினான். உயரத் துள்ளினான், துள்ளலுக்கும் துள்ளலுக்கும் இடையில் சும்மா ஓடினான். சவிரியின் பெயரை வாசித்தார்கள். பாண்டு தொடங்கியது. எனக்கு வேறு ஒன்றும் மனதில் இல்லை, எப்போது துள்ளுவார் என்பதுதான். குனிந்து, முன்வாங்கு ஆட்களின் தோளுக்கு இடையால் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபம் சட்டென்று அமைதியானது. அது ஏன் என்றுகூட நான் நினைக்கவில்லை. கால் மடங்கியது. எழும்பினார். சுற்று முடியமுன் தரை வந்துவிட்டது. முழங்கால் ஒரு பக்கம், பாதம் மறுபக்கம். பாண்டு இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தது.

உத்தியோகம் பறங்கிப் பொடியனுக்குப் போனது. புள்ளி போட்டவர்களில் ஒரு துரைசாணி, சவிரியைக் கிடத்தியிருந்த அறைக்கு ஒரு கிளாக்கரோடு வந்தார். அவர் சொன்னதைக் கிளாக்கர் தமிழில் சொன்னார்: முதல் துள்ளலுக்கு முன்னால் அவர் செய்ததை இந்த மண்டபத்தில் இதுவரை எவரும் செய்ததில்லையாம், சின்னத் துள்ளல் ஒன்றோடு ஆட்டத்தை முடித்திருந்தால் வேறு ஒருவரைப் பற்றிப் பேசவே தேவை இருந்திருக்காதாம். சவிரி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

திரும்பி வருகிற கோச்சியில், மதவாச்சி தாண்டிய பிறகு கேட்டார்.

"நானா, உங்கட கிட்டங்கித் தரை சமமோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருவாடு ஊறுகிற உப்புத்தண்ணீர் தேங்காமல் கானுக்கு ஓட, நானே மேசனுக்குப் பக்கத்தில் நின்று வாட்டம் வைத்துப் போடுவித்த சீமெந்துத் தரை அது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஒவ்வொரு கருவாட்டுக் கிட்டங்கியிலும் அப்படித்தான். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரிப் பழகிய சங்கதி. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"வாட்டம் வைச்சது" என்றேன்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் பள்ளத்துக்குத்தான் துள்ளியிருக்கிறன். அங்க தரை முந்தி வந்திட்டுது" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

முழங்கால் கூடிவந்தது, ஆனால் மடங்கவில்லை. நான் வேலை கொடுத்தேன், பதினெட்டு வருடம் என்னோடு இருந்தார். உப்புப் போடுவதில் அவர் கைப்பட்ட கருவாடு தனியாகத் தெரியும். ஆனால் இதையும் சொல்லவேண்டும். அந்த வருடமே நான் ஒரு விசர் வேலை செய்தேன். கிட்டங்கித் தரையை உடைத்து, மட்டப்பலகை வைத்துச் சமமாகப் போடுவித்தேன். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சப்பாத்தைக் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நாலு முழம் போனார். தரையில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தார். "நல்ல தரை" என்றார். பிறகு இரண்டு மாதம் உப்புத்தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்றது. ஒரு நாள் கடைக்கு வந்து, "உங்கட மீன் புழுக்குது, நானா. என்னை நினைச்சுத் தொழிலைக் கெடுக்காதையுங்கோ. வாட்டத்தைத் திரும்ப வையுங்கோ" என்றார். திரும்ப வைத்தேன். காசை என்ன செய்வதென்று தெரியாத ஆள் நான் என்று மேசன் ஊரெல்லாம் சொன்னான்.

சவிரி போன அன்று பின்னேரமே அடக்கம். கோயிலால் திரும்பி வந்து, ஆட்கள் குறைந்த பிறகு, திரேசா என்னைக் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"நானா, ஒண்டு கேக்கவேணும். கொழும்புக்குப் போகமுன்னம் இவர் சொன்னவர், மூண்டு துள்ளல் சேத்ததில மிஞ்சின இடத்தில கையால செய்யிற ஆட்டம் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன் எண்டு. எனக்கும் காட்டேல்லை. அங்க வைச்சுத்தான் எண்டவர். பிறகு எத்தினை தரம் கேட்டும், 'காலோட சேந்ததுதான் அது, கை தனிய அதில்லை' எண்டுட்டார். நீங்கள் பாத்தனீங்கள்தானே. கையால என்ன செய்தவர்?"

துரைசாணி சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டபம் அமைதியானதும் இதற்குத்தான். பதினெட்டு வருடமாக நான் அந்தச் சொல்லைத் துள்ளலைப் பற்றிய சொல்லாகவே வைத்திருந்தேன். ஏதாவது ஒன்றை உண்டாக்கிச் சொல்லியிருக்கலாம். கையை நெஞ்சில் வைத்தவர், விரித்தவர் என்று. வியாபாரத்தில் அதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கிறேன். வாய் வரவில்லை.

"நான் காலைத்தான் பாத்தனான், தங்கச்சி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழும்பிப் போய்ப் பாய்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

இதை வாசிக்கிறவர்களில் எவராவது அன்று கொழும்பில் அந்த மண்டபத்தில் இருந்திருந்தால், தாழ்வுபாட்டுக்குப் போய் திரேசாவிடம் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவு என்னுடையது. அப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நம்பவில்லை. மன்னாரிலிருந்து பார்க்கப் போனவன் நான் ஒருவன்தான். சவிரிமுத்து தன் வாழ்நாளில் சமமான தரையில், பாட்டோடு, தன் விருப்பப்படி ஆடியது அந்த அரை நிமிடம். அதில் என்னிடம் இருப்பது இரண்டு சப்பாத்தும், எட்டுச் சில்லும், மடங்கப்போகிற ஒரு முழங்காலும். அதற்கு மேலே நான் பார்க்கவில்லை.