பொன்னுத்தங்கமும் கட்டையில்லாத பெட்டியும்

“எம்மக முனியசாமியோட ஓடிப்போனாளா? ஏடி சுப்புத்தாயி, உங்க போர்மேன் முனியசாமி இன்னைக்குக் காலையில உன்கூடத்தானடி கம்பெனி வேன்ல ஏறுனான்? நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்!”

குழாயடியில் நான் இப்படிக் கேட்டதும் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாளே தவிர, வாயை மூடவில்லை.

“ஆளு இங்கன இருந்தா என்ன அத்தே? அவளை முன்னாடி அனுப்பிட்டு, இவன் பின்னாடி போறதுக்கு எம்புட்டு நேரமாகும்? ஏழாயிரம்பண்ணை வெடிக் கம்பெனி வாசல்ல, வேப்பமரத்தடியில ரெண்டு பேரும் உக்காந்திருந்ததை நான் மட்டுமா பாத்தேன்? வேன் நெறைய சனம் பாத்துச்சு.”

“உக்காந்து என்ன செஞ்சாக?”

“என்னமோ உரிச்சாக.”

“என்னத்த? கடலையா?”

“வெடிக்குழாயை.”

“ஆசை வச்சவுக யாராச்சும் உச்சி வெயில்ல உக்காந்து வெடிக்குழாயை உரிப்பாகளாடி?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்த வாய்தான் பொழுது விடிவதற்குள் வேறு கதை சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நடந்தது எனக்குத் தெரியும். அதில் என் பிழையும் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பொன்னுத்தங்கம் என் கடைசி மகள். வயது முப்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லை என்பதைவிட, அவள் ஆகவிடவில்லை என்பதுதான் சரி. திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் காலண்டர் தாள் வெட்டும் வேலை. சாப்பிடும்போதுகூட அவள் விரல் தட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கும். என் மூத்த மகன் பாண்டிமுருகன் தன் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன கீபோர்டு வாங்கி வந்தான். பிள்ளைகள் அதை இரண்டு நாளில் மறந்தன. இவள் பிடித்துக்கொண்டாள். செல்போனைப் பார்த்துப் பார்த்தே படித்து, விருதுநகர் சாபிர் பாயின் இன்னிசைக் குழுவில் திருவிழாவுக்குத் திருவிழா போய் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

சாபிர் பாய்க்கு மைக்செட் கடையும் உண்டு. மதுரையில் பாட்டுப் பதிவு செய்கிற இடம் ஒன்றை மூடியபோது அங்கிருந்த சாமான்களை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். அந்தக் குவியலில்தான் இந்தப் பெட்டி கிடந்தது. ஒரு சீசன் வாசித்ததற்குக் கூலி வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

கறுப்பு இரும்புப் பெட்டி. பலகாரத் தட்டைப் போலத் தட்டையாக, அகலமாக இருக்கும். இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டு, அதில் திருகாணி போட ஓட்டை. முன்னால் கைவிரல் அளவு பச்சை வெளிச்சம், அதில் இரண்டு வரி எழுத்து. வாசிக்க ஒரு கட்டை கிடையாது. சத்தம் வர ஒரு வாய் கிடையாது.

“கட்டையே இல்லாத பெட்டியை எவளாச்சும் கூலிக்கு வாங்குவாளா?” என்று கேட்டேன்.

“கட்டை கீபோர்டுல இருக்கும்மா. இது தொண்டை. வயரு போட்டுச் சேத்துட்டா, நான் அங்கன தட்டுனா இது இங்கன பாடும்.”

பெட்டியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புது கீபோர்டு வாசிப்பதையும் இதே தெருவில் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் நன்றாக இருக்கும். மைதானத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்து விட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்ட மாதிரி ஆகிவிடும். இது அப்படியில்லை. வீட்டில் சாதுவாக இருந்துவிட்டு மேடையில் ஏறினால் வயிற்றுக்குள் வந்து நிற்கும். நடுவில் மக்கர் பண்ணாது. தயாரித்தவன் உள்ளே வைத்து அனுப்பிய சத்தம் எதுவும் எந்தக் காலத்திலும் அழியாதாம். அதே சமயம் இம்சையும் கொஞ்சமில்லை. ஒரு சத்தத்தை மாற்ற வேண்டுமானால் அந்தச் சின்ன வெளிச்சத்தில் கண்ணை நட்டு, ஒரே பொத்தானை நாற்பது தரம் அழுத்த வேண்டும். தோசைக்கல் போலச் சூடேறும். இருபத்தெட்டு ஒலிக்கு மேல் ஒரே நேரத்தில் கேட்டால், முதலில் ஒலித்துக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டுத்தான் புதியதைப் பாடும். எல்லாவற்றிலும் பெரிய குறை, அவளாக உட்கார்ந்து செய்து வைக்கும் சத்தமெல்லாம் உள்ளே இருக்கும் காசளவு பேட்டரியை நம்பியிருந்தது. பேட்டரி செத்தால் எல்லாம் போச்சு.

அப்படி அறுபத்து நாலு சத்தம் செய்து வைத்திருந்தாள். மூன்று வருஷ உழைப்பு. அதில் உயிரானது நாயனம். வெளிநாட்டுக் குழல் ஒன்றின் சத்தத்தை எடுத்து, இங்கே கொஞ்சம் கூட்டி அங்கே கொஞ்சம் குறைத்து, நம் கோயில் நாயனமாக்கியிருந்தாள். பெட்டியோடு வந்த சத்தத்தில் அது கிடையாது. சாபிர் பாய் அதைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்: “தங்கம், பங்குனிப் பொங்கல் திருவிழா மேடையில அம்மன் பாட்டுக்கு இந்த நாயனம் சரியா விழுந்துருச்சுன்னா, ஆறு மாசத்துக்கு ஊரு ஊரா போற குழுவுல நீதான். இல்லைன்னா மதுரையில ஒரு பையன் புது கீபோர்டோட தயாரா இருக்கான். எனக்கும் பொழப்பு இருக்குல்ல?”

அச்சாபீசை விட்டு வெளியேற அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பச்சை வெளிச்சத்தில் பேட்டரி தீரப்போகிறது என்று எழுத்து வந்ததாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினாள். சாபிர் பாய் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

“பேட்டரியைக் கழட்டுனா நீ செஞ்சு வச்சதெல்லாம் போயிரும். சம்மதந்தானா?”

“கழட்டுங்க பாய். அம்புட்டுக்கும் நம்பரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒரு நாள்ல திருப்பி ஏத்திருவேன்.”

அவர் ஈயப்பற்று வைத்துப் புது பேட்டரி போட்டார். வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடினாள்.

நோட்டு இல்லை.

நான் வீட்டில் வெடிக்குழாய் சுருட்டுகிறவள். மேலே பழுப்புத் தாள், உள்ளே பழைய நோட்டுத் தாள், நடுவே கம்பி, பசை, அவ்வளவுதான் வேலை. நிறை போட்டு வாங்கும் பழைய நோட்டுகள் மூலையில் அடுக்கிக் கிடக்கும். முந்தின நாள் ஏழாயிரம்பண்ணை லோடு வண்டி வாசலில் நிற்கிறது, ஆர்டருக்குக் குழாய் குறைகிறது, தாள் தீர்ந்துவிட்டது. சூடேறும் பெட்டி மேல் நோட்டை வைக்காதே என்று ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதே இல்லை. பெட்டி மேல் கிடந்தது. திறந்தேன். பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்திருந்தது. எழுதித் தீர்ந்த நோட்டு எனக்குக் குழாய்த்தாள்தான். கிழித்துச் சுருட்டினேன்.

“யம்மா, நீலக்கலர் அட்டை நோட்டு எங்க?”

“எந்த நோட்டு?”

“பெட்டி மேல இருந்தது.”

அட்டை மட்டும் என் மணைக்கட்டைக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

“எத்தனை மூட்டை?” என்று மட்டும் கேட்டாள்.

“ஒண்ணு இங்கன கெடக்கு. ஒண்ணு வண்டியில போயிருச்சு.”

வீட்டில் கிடந்த மூட்டையைக் கவிழ்த்தோம். அண்டாவில் தண்ணீர் வைத்துக் குழாயைப் போட்டு, பசை இளகியதும் ஒவ்வொரு சுற்றாக உரித்தோம். பால்பாயிண்ட் பேனா எழுத்து, அதனால் கரையவில்லை. பாண்டிமுருகன் வந்து எட்டிப் பார்த்து, “தீபாவளிக்கு முன்னாடியே வெடியைக் குளிப்பாட்டுறீகளா?” என்றான். யாரும் சிரிக்காததால் அவனும் உட்கார்ந்து உரித்தான். கொடிக்கயிறு முழுக்க ஈரத்தாள். நாயனப் பக்கம் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை கம்பெனி வேனில் ஏறி ஏழாயிரம்பண்ணை போனாள். அங்கே போர்மேன் முனியசாமி. பொண்டாட்டி பிள்ளைகளோடு ஒழுங்காக இருக்கிற மனுஷன். “உள்ள விடமாட்டேன் தாயி, சட்டம் அப்படி. போனை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு மரத்தடியில நில்லு” என்று சொல்லிவிட்டு, மருந்து அடைக்காமல் மீதி கிடந்த குழாய்களை அவனே சுமந்துகொண்டு வந்து போட்டிருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் தானும் உட்கார்ந்து உரித்திருக்கிறான். சுப்புத்தாய் பார்த்த கூத்து இதுதான். உரித்ததில் நாயனப் பக்கம் பாதி கிடைத்தது. மறு பாதி மருந்து அடைக்கிற அறைக்குப் போய்விட்டது. அங்கிருந்து எதுவும் திரும்பாது.

பாதி நம்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அச்சாபீசுக்கு லீவு. காதில் ஹெட்போன். பெட்டியின் சத்தமெல்லாம் அவள் காதுக்குள் போய்விடும். எங்களுக்குக் கேட்பது பிளாஸ்டிக் கட்டை தட், தட் என்று அடிப்பது மட்டும். காலையிலிருந்து தட், தட். எழுந்து நடப்பாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி தட், தட். போகிறவர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். சத்தமே வராத கீபோர்டை ஒருத்தி நாள் முழுக்க அடித்தால் ஊர் என்ன நினைக்கும்? எனக்கும் கை ஓடவில்லை. சுருட்டிய குழாயெல்லாம் கோணல்.

மத்தியானம் தாங்காமல் போய்க் கேட்டேன், “வந்துச்சா?”

ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். “நீயே சொல்லு.”

கேட்டேன். “இது நாயனமா? வாத்து.”

“வாத்தா?”

“ஜலதோசம் பிடிச்ச வாத்து. மூக்கு அடைச்சிருக்கு, அதைத் தெற.”

பொத்தானை அழுத்தினாள். திரும்பவும் கேட்டேன். “இப்ப மூக்கு சரி. மூச்சு எங்க? அவன் ஊதுறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுப்பான்ல, அது இல்ல.”

“அது நோட்டுலயே இல்லம்மா.”

“நோட்டுல இல்லைன்னா என்ன? கோயில்ல இருக்கு. போடு.”

வெயில் முற்றத்தை விட்டு இறங்குகிறவரை அவள் அழுத்த, நான் குறை சொல்ல, அப்படியே போனது. இரண்டு தரம் சண்டையும் போட்டோம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் மட்டும் விடுவாளா, என் வயிற்றில் பிறந்தவள்தானே. கடைசியில் ஒன்று வந்தது. பழையது போலவே இருந்ததா என்று கேட்டால் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சன்னதியில் நிற்கிறது போல இருந்தது. வேறு குறை சொல்லாமல் ஹெட்போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவளுக்குப் புரிந்தது.

பொங்கல் மேடையில் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அம்மன் பாட்டு எடுத்ததும் அந்த இழுப்பு வந்தது பாருங்கள், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாயனக்காரன் எங்கே என்று மேடையைத் தேடினாள். பாட்டின் உச்சத்தில் இவள் ஆர்வத்தில் எல்லாக் கட்டையையும் அமுக்க, பெட்டி தன் குணத்தைக் காட்டியது. தொடங்கிய ஒலி பட்டென்று அறுந்தது. உடனே இடது கையைத் தூக்கிவிட்டாள். சமாளித்துவிட்டாள். இறங்கியதும் சாபிர் பாய், “திங்கக்கெழமை வேன் வரும். துணிமணி கொஞ்சமா எடுத்துக்க” என்றார்.

வீட்டில் பாண்டிமுருகன் குதித்தான். “ஆறு மாசம் வெளியூரு. ஊரு என்ன பேசும்?”

“இப்ப மட்டும் பேசாமயாண்ணே இருக்கு?” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோட்டைக் கிழித்த கை. போ என்று சொல்லவும் வரவில்லை, பெற்ற வயிறு. “வேனுக்கு நேரமாகுது, அவளைச் சாப்பிட விடு” என்று அவனை அதட்டினேன்.

திங்கட்கிழமை காலை. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை அவளுக்கு. துணிப்பையையும் கீபோர்டையும் பாண்டிமுருகன்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, வேனில் ஏற்றினான். பெட்டியை மட்டும் யாரிடமும் தரவில்லை. என் பழைய சேலையில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த இரும்புக் காதோடு எங்கள் வாசல் நிலையில் நேராக நுழைய முடியாது. பக்கவாட்டில் திரும்பினாள், முதுகு என் பக்கம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் படியில் சுப்புத்தாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாரேம்மா.”

“நிலையில இடிச்சிராத, பாத்துப் போ.”

ஒரு காலை வெளியே வைத்து, பெட்டியை முன்னே விட்டு, அப்புறம் இன்னொரு காலை எடுத்து இறங்கினாள்.