கேஸ் வண்டியில் வந்த கதலித்தார்

எங்கள் லோடு வண்டியின் ஆர்.சி. புத்தகம் என் பேரில் இருக்கிறது. கையெழுத்தும் நானே போட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள்தான் நான். ஆனாலும் என் பேரைக் கோணல் இல்லாமல் எழுதுவேன். அதனால் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஏரலில் எங்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் வாழை. வெட்டின தார்களைத் திருநெல்வேலி கமிஷன் கடைக்கு என் மகன் ஓட்டிக்கொண்டு போவான். பெட்ரோல் விலை ஏற ஏற அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், "எம்மா, வண்டிய வித்துட்டு நான் திருப்பூருக்கு டிரைவர் வேலைக்குப் போகுதேன்" என்றான்.

நான் அவன் சோற்றில் மோர் ஊற்றினேன். எதையும் அவசரப்பட்டுச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இருப்பது ஒரே மகன். டவுணில் நான் ஏறிய ஆட்டோ ஒன்று கேஸில் ஓடியது. "ஆச்சி, இதுக்கு மாறின பெறகுதான் எங்க வீட்டுல அடிக்கடி கறிக்குழம்பு மணக்குது" என்று அந்த ஆட்டோக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஏலே, ஒருக்க கேஸுக்கு மாத்திப் பாப்போம். பெறகு வித்துக்கலாம்" என்றேன்.

"லோடோட என்னைய வெடிச்சுப் போகச் சொல்லுதியா?"

"அடுப்படியில இத்தன வருசமா சிலிண்டர் பக்கத்துலதான் நிக்கேன். நான் வெடிச்சா போயிட்டேன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பாதி வேலை முடிந்தது.

பாளையங்கோட்டை மெக்கானிக் ஒருவர், தார் ஏற்றும் இடத்தில் கேபினை ஒட்டி சிலிண்டரைப் படுக்க வைத்து முடுக்கினார். குழாய் இழுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்ற ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். முன்னும் பின்னும் ஒட்டச் சொல்லி, கேஸ் வண்டி என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் இரண்டு கொடுத்தார். மகன் அவற்றை ஒட்டவில்லை. டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினான். "சரிப்பட்டு வரலைன்னா கழத்திட்டு வித்துருவேன், சொல்லிட்டேன்" என்றான்.

முதல் லோடு கதலி. சிலிண்டரில் உரசாதபடி நடுவில் வாழைச்சருகு திணித்துத் தார்களை அடுக்கினோம். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி தண்ணீர் குடித்த மாடு மாதிரி நிதானமாகப் போனது. ஆற்றுப்பாலத்து மேட்டில்கூட முக்கவில்லை.

கமிஷன் கடை அண்ணாச்சி சிலிண்டரைப் பார்த்தார், பின்னால் தள்ளி நின்றார். "ஆச்சி, இது என்ன கூத்து? காயெல்லாம் கேஸ் நாத்தம் அடிக்கும். கேரளாக்காரன் தொட மாட்டான். இத எறக்க வேண்டாம்."

மகன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. திருப்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டவன் மாதிரி பார்த்தான். நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன்.

பக்கத்தில் அண்ணாச்சியின் சொந்த டீசல் லாரியிலிருந்தும் கதலிதான் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டியை விட்டுப் பைய இறங்கினேன்.

"அண்ணாச்சி, உங்க மூக்கு நல்ல மூக்குதான?"

"நம்ம யாவாரமே மூக்குலதான் ஓடுது ஆச்சி."

"அப்ப அங்கன திரும்பி நில்லுங்க. ரெண்டு தார் வரும். எது நாறுதுன்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. லோடுமேன் எங்கள் வண்டியில் ஒன்றும் லாரியில் ஒன்றுமாக எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு முதல் தாரை மோந்தார். "இது சுத்தம்." இரண்டாவதில் மூக்கை வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "இந்தா! நான் சொன்னம்லா? குப்புன்னு அடிக்கி பாருங்க!"

லோடுமேனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, அது நம்ம லாரித் தாருல்லா!"

கடைத்தெருவே சிரித்தது. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "ஏலே, டீசல் ஊறின அந்தத் தார்ப்பாய மொதல்ல கழுவுங்கலே" என்று தன் ஆட்களை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எறக்கச் சொல்லுங்க ஆச்சி. அப்படியே அந்த மெக்கானிக்கு நம்பரும் குடுத்துட்டுப் போங்க."

"எம் மவன்கிட்ட கேளுங்க. வண்டி ஓட்டுதது அவன்தான்" என்றேன்.

திரும்பும் வழியில் கேஸ் பங்கில் வரிசையில் நின்றோம். நிரப்பும்போது வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாதாம். இறங்கித் தள்ளி நின்று முந்தானையை உதறிக்கொண்டேன். நிரப்பி முடித்ததும் மகன் வண்டியை ஓரமாக விட்டு டாஷ்போர்டைத் திறந்தான். பச்சை ஸ்டிக்கரை எடுத்து, கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்தான்.

"கோணாம ஒட்டுலே" என்றேன். "எம் பேருல உள்ள வண்டி."