அஞ்சு பேருக்கு ஊத்து

கான்டிடோ தன் வாழ்நாளில் ஒருமுறைகூட கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பில்பாவோவின் பழைய நகரத்தில், ஏழு தெரு என்று ஊரே சொல்லும் அந்தச் சந்துகளில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பெண்டாட்டியையும் பறிகொடுத்த மனுஷன். கடை என்றால் நின்று குடிக்கிற இடம், சாப்பாடு என்றால் வீடு. இதில் அவருக்கு ஒரு குழப்பமும் கிடையாது. எங்கிருந்தோ விமானம் ஏறி வந்த ஆட்கள் அவருடைய தெருவில் தின்பதற்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தால், "இவங்க வீட்ல எல்லாம் அடுப்பு இல்லையா?" என்று கேட்பார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்.

அவருடைய மகள் நெக்கானேவுக்குச் சோறு போடுவதே அந்த ஆட்கள்தான். ஆற்றோரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்பது ஒரே கேள்வி: எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம்? ரெண்டு நாள்தான் இருக்கப் போகிறார்கள், அதற்குள் ஊரையே விழுங்கிவிட்டுப் போக வேண்டும். நெக்கானே ஊர் வரைபடத்தை விரித்து, பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பாள். இந்தக் கடையில் காளான், இந்தக் கடையில் நெத்திலி, மூலைக் கடையில் எல்லாமே நன்றாக இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் கை அந்த வட்டங்களைப் போட்டுவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மத்தியானம் அப்பாவின் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டாள். அடுப்பில் சிவப்பு பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. தட்டை எடுக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. ஹோட்டலில் வாரக் கடைசிக்கு வரும் புதுப் பெண். ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம், பிள்ளைக்கு மீன் ஆகாதாம், சாப்பிட எங்கே அனுப்புவது என்று கேட்டாள். நெக்கானே கரண்டியைக் கையில் பிடித்தபடியே தெருத் தெருவாக வழி சொன்னாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. ஆணியில் மாட்டியிருந்த கறுப்பு வட்டத் தொப்பியும் இல்லை. ரொட்டி வாங்கி வந்தபோது பூட்ட மறந்த கதவு திறந்து கிடந்தது.

ஊசி உள்ளே போய்விட்டது, வயிறோ வெறும் வயிறு. ஊசி போட்ட கையோடு தட்டு முன்னால் இருக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதன்மேல் ஒயினும் இறங்கினால் சர்க்கரை இன்னும் கீழே போகும், ஆள் எங்கேயாவது சுருண்டு விழுவார், விழுந்தால் எழுப்ப முடியாமலும் போகலாம். ஞாபகம் தப்பிப்போனவர், வீட்டுக்கு வழியோ அவருக்கு மறந்து நாளாகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கினாள். இறங்குகிற வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நகரப் போலீசுக்குப் போன் செய்தாள். வயசானவர், கறுப்பு வட்டத் தொப்பி என்று அடையாளம் சொன்னாள். பழைய நகரத்தில் பாதிப் பேர் அந்த அடையாளம்தான், இருந்தாலும் ரோந்து போகிறவர்களிடம் சொல்லி வைக்கிறோம் என்றார்கள்.

எதிர் வீட்டு நாலாவது மாடியில் கொட்சோன் இருந்தார். கடைக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று தினமும் சுற்றுக்குப் போன அஞ்சு பேரில், கான்டிடோவைத் தவிர மிச்சம் இருப்பது இவர் ஒருத்தர்தான். மற்ற மூவரும் மலைமேல் கல்லறையில் இருக்கிறார்கள். லிஃப்ட் இல்லாத வீடு, முழங்கால் போய்விட்டது, கொட்சோன் தெருவைப் பார்ப்பதெல்லாம் பால்கனியிலிருந்துதான். நெக்கானே கீழே நின்று குரல் கொடுத்தாள்.

"கொட்சோன் மாமா, அப்பா கிளம்பிப் போயிட்டாரு. நீங்க எல்லாம் எந்த வரிசையில போவீங்க?"

"மத்தியானச் சுத்தா, சாயந்தரச் சுத்தா?"

"மத்தியானம்."

"முதல்ல ஃபெர்மின் கடை. அப்புறம் கார்மெலே. அப்புறம் மூலைக் கடை. பெலோட்டா தெருவுல நின்னு மாதாவுக்கு ஒரு கும்பிடு. கடைசியா யூலென் கடை."

"யூலென் கடையை மூடி எவ்வளவோ காலம் ஆச்சு மாமா."

"நீ வரிசை கேட்ட, நான் வரிசை சொன்னேன். மூடினது நானா?"

கிழவரோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை. யூலென் கடையை மனசிலிருந்து தள்ளிவிட்டு மற்ற இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினாள்.

ஃபெர்மின் கடையில் ஒருவரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் அஞ்சு குட்டி கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. ஒன்று காலி, நாலில் சிவப்பு ஒயின் தொடாமல் இருந்தது. ஃபெர்மின் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கான்டிடோ வந்ததும், எப்போதும் போல அஞ்சு பேருக்கு ஊற்றச் சொன்னதும், தன் கிளாஸைக் குடித்துவிட்டு, மற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனதும் அவன் வாயிலிருந்து வந்தது. பின்னாலேயே நெக்கானே வருகிறாள் என்று நினைத்தானாம்.

"ஏன் ஃபெர்மின், கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கக் கூடாதா?"

"கான்டிடோவையா? ஒரு கடையில ஒரு கிளாஸுக்கு மேல நின்ன ஆளா அவரு?"

"ஏதாவது சாப்பிட்டாரா?"

ஃபெர்மின் அவளை விநோதமாகப் பார்த்தான். அவன் முன்னால் முட்டை அடை, நெத்திலி, குச்சி குத்திய ரொட்டித் துண்டுகள் என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. "சுத்துல இருக்கறவன் சாப்பிடுவானா? அது வீட்டுக்குப் போய்தானே," என்றான்.

கார்மெலேவின் கடைக்குள் நுழையவே முழங்கையால் வழி உண்டாக்க வேண்டியிருந்தது. அங்கேயும் அஞ்சு கிளாஸ், ஆனால் ரெண்டு காலி. சும்மா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வெளியூர்க்காரன் ஒருத்தன் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டிருந்தான். கார்மெலேவின் முகம் சரியில்லை. இந்தக் குளிரில் கான்டிடோவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது, அடையை ஒரு துண்டு வெட்டி நீட்டினேன் என்றாள். "திரும்பத் தட்டுலயே வச்சிட்டாரு நெக்கானே. என்னைத் திட்டறாரு. வீட்ல நெக்கானே பீன்ஸ் வச்சிருப்பா, இதைத் தின்னுட்டுப் போய் அவ முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு." அதைக் கேட்டு நின்று அழவும் நெக்கானேவுக்கு நேரமில்லை.

மூலைக் கடை வாசலில் வரிசை தெரு திரும்பும் வரை நின்றது. அவள் ஆயிரம் தடவை வட்டம் போட்ட கடை. வரிசையில் நாலைந்து பேர் கையில் அவளுடைய வரைபடமே இருந்தது. ஒரு அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டு, நீங்கள் சொன்ன இடம் அருமை என்று கையைப் பிடித்தாள். நெக்கானே கையை உதறிக்கொண்டு, அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தன் அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் நிற்கிற இந்தக் கூட்டத்தைத் தானே அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் வலது கையின் மேலேயே ஆத்திரம் வந்தது. இங்கே கிளாஸ்கள் எதுவும் இல்லை. பரிமாறுகிறவன் புதுசு, வேறு ஊர்க்காரன்.

"ஒரு பெரியவர் வந்தாருங்க. அஞ்சு பேருக்கு ஊத்துன்னாரு. பார்த்தா ஆள் ஒருத்தர்தான். சாப்பிடறவங்களுக்கே இடம் பத்தலை, கொஞ்சம் வெளிய நில்லுங்கன்னேன். போயிட்டாரு. ஏங்க, தெரிஞ்சவரா?"

அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பெலோட்டா தெருவில் தரையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறது. அதன்மேல் நின்றால் கூரைகளின் இடுக்கு வழியே மலைமேல் பெகோன்யா மாதா கோயில் தெரியும். சுற்றுக்குப் போகிறவர்கள் அங்கே நின்று தொப்பியைத் தூக்கிவிட்டுத்தான் நகர்வார்கள். இப்போது அங்கே நாலு பேர் தங்கள் ஷூக் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கான்டிடோ இல்லை. நெக்கானே கோயில் பக்கமே போகாதவள். அன்றைக்கு அந்த இடுக்கைப் பார்த்து, எடுத்துக்கிட்டுப் போயிடாதே தாயே என்று வாய்விட்டே கேட்டாள்.

இனி எங்கே போவது? அந்தத் தெரு ஆற்றைப் பார்த்துப் போகிறது, ஆற்றோடு கீழே போனால் பழைய கப்பல் கட்டும் தளம் வரும். கான்டிடோ பிள்ளைப் பிராயத்திலேயே அங்கே வேலைக்குப் போய், வெல்டராக இருந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். தளத்தை மூடிய அன்றைக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் வாசலில் கத்திக்கொண்டிருக்க, இவர் நேரம் தவறாமல் ஃபெர்மினுடைய அப்பாவின் கடைக்கு வந்து, எப்போதும் சொல்வதையே சொன்னார்: அஞ்சு பேருக்கு ஊத்து. வீட்டில் வந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் வேலை போன விஷயத்தையே சொன்னார். அந்த நினைவு எங்கேயாவது முளைத்து இழுத்துக்கொண்டு போயிருக்குமோ என்று நெக்கானே ஆற்றங்கரைக் கம்பியைப் பிடித்தபடி ஓடினாள். கலங்கின தண்ணீரில் கறுப்பாக எது மிதந்தாலும் அவளுக்கு அது தொப்பியாகவே தெரிந்தது. ஓடி ஓடி மூச்சு வாங்கி, கம்பியில் சாய்ந்து, முடிஞ்சுது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு போன் பேசி அப்பனைக் கொன்றவள் என்று தனக்குத்தானே பேர் வைத்தாள்.

போன் அடித்தது. கொட்சோன்.

"ஆள் கிடைச்சானா?"

"இல்லை மாமா. எல்லாக் கடையும் பார்த்துட்டேன்."

"யூலென் கடையைப் பார்த்தியா?"

"அதுதான் இல்லையே மாமா."

"இல்லைன்னு உனக்குத் தெரியும் பொண்ணே. அவனுக்கு யார் சொன்னது?"

வந்த வழியே திரும்பி ஓடினாள். பாவி, வரிசை கேட்டுவிட்டு வரிசையில் ஒன்றை விட்டுவிட்டோமே என்று ஓடினாள்.

யூலென் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் நிறக் கதவும், அதன் பக்கத்தில் வரிசையாக எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகளும் இருக்கின்றன. மேலே இருக்கிற வீடுகள் அத்தனையும் வந்து போகிறவர்களுக்கு வாடகை. கான்டிடோ அந்த வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி காலடியில் கிடந்தது. முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் ஒட்டி, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. சக்கரப் பெட்டியோடு வந்த ரெண்டு இளம்பெண்கள், குடிகாரர் என்று நினைத்தோ என்னவோ, அவரைத் தாண்டிக் கை நீட்டி எண்களைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

நெக்கானே எதிர்க் கடையில் புகுந்து, ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள் என்றாள், குழந்தைகளுக்குக் கொடுக்கிற தித்திப்புத் திராட்சைச் சாறு கேட்டாள். குட்டி கிளாஸில் ஊற்று என்றாள். கொண்டுவந்து வாயருகே வைத்தால் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"மத்தவங்க வரட்டும்."

"அவங்க எல்லாம் குடிச்சாச்சு அப்பா. உங்க கிளாஸ்தான் பாக்கி."

"குடிச்சுட்டாங்களா?"

"குடிச்சுட்டாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க."

குடித்தார். முகத்தைச் சுளித்தார். "தித்திக்குது. யூலென் நம்மளை ஏமாத்தறான்."

"ஆமா, திருட்டுப் பயல். இன்னொண்ணு குடிங்க."

ரெண்டாவதும் உள்ளே போனது. அவள் அந்தப் படியிலேயே, அவர் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உதறல் அடங்கியது, உதட்டில் நிறம் திரும்பியது. எங்கேயோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கான்டிடோ கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டார். சாவிப் பெட்டிகளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்துத் தொப்பியை மரியாதையாகத் தூக்கினார்.

"நீங்க இந்த ஊருங்களா?"

நெக்கானே தலையை ஆட்டினாள்.

"எனக்கு இங்க ஒண்ணும் தெரியலைங்க. பசிக்குது. நல்லா சாப்பிட எங்க போகலாம்?"

தினமும் கேட்கிற கேள்வி. அவள் கை தன்னால் பைக்குள் போய்ப் பேனாவைத் தேடியது. அப்புறம்தான் அது எதற்கென்று அவளுக்கு உறைத்தது, கையை வெளியே எடுத்தாள்.

"பக்கத்துல ஒரு வீடு இருக்குங்க. பீன்ஸ் வச்சிருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"வீட்டுச் சாப்பாடா? அப்ப சரி." கொஞ்சம் யோசித்தார். "நாங்க அஞ்சு பேரு. இடம் இருக்குமா?"

"இருக்குங்க," என்றாள்.